பெங்களூரு மாநகராட்சித் தேர்தல்: பருவநிலை மாற்றம் குறித்து வேட்பாளர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

ஒக்கலிபுரம் (பெங்களூரு): பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடைபெற்றது 2015 ஆகஸ்ட் 22-ஆம் தேதி. அப்போது 198 வார்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிவடைந்தது. அதன் பிறகு நகர நிர்வாகம் அதிகாரிகள் வசம் சென்றது. நகரம் பெருவெள்ளத்தையும் கடும் வறட்சியையும் சந்தித்தது இந்த இடைவெளியில்தான்.

வெள்ளமும் வறட்சியும்

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த கனமழையில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளி உள்ளிட்ட கிழக்குப் பகுதிகள் நீரில் மூழ்கின. மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் மீட்கப்பட்டனர். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கியதில் 22 வயது இளம்பெண் உயிரிழந்தார்.

2024 கோடையில் நிலைமை தலைகீழானது. நகரின் அன்றாடத் தேவையான சுமார் 260 கோடி லிட்டர் நீரில் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை நிலவுவதாகக் கர்நாடக அரசு தெரிவித்தது. சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டன. அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மி.மீ. மழை கொட்டியது. இது ஜூன் மாதத்தில் 133 ஆண்டுகளில் பதிவான அதிகபட்ச ஒருநாள் மழையாகும்.

திட்டம் உண்டு, பொறுப்பேற்பவர் யார்?

2023 நவம்பரில் பெங்களூரு பருவநிலைச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. 2050-க்குள் நிகர கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்ஜியமாக்குவது இதன் இலக்கு. எரிசக்தி, போக்குவரத்து, திடக்கழிவு, காற்றின் தரம், நீர், பசுமைப் பரப்பு, பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகள் இதில் அடங்கும். ஆனால் இத்திட்டத்தை விவாதிக்கவோ, வார்டு வாரியாக நிதி கோரவோ அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைக்கப்பட்டு மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் உருவாயின. இவற்றுக்கு மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் செயல்படுகிறது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஒக்கலிபுரம் இடம்பெற்றுள்ள காந்திநகர் சட்டப்பேரவைத் தொகுதி மத்திய மாநகராட்சியில் உள்ளது.

கவுன்சிலரால் என்ன முடியும்?

காவிரி நீர் விநியோகம் தனி வாரியத்தின் பொறுப்பு. எனவே "வீட்டுக்கு வீடு காவிரி நீர்" என்ற வாக்குறுதியைக் கவுன்சிலர் ஒருவரால் மட்டும் நிறைவேற்ற இயலாது. ஆனால் தெருவோர வடிகால்களை மழைக்கு முன் தூர்வாரச் செய்வது, மரங்களையும் பூங்காக்களையும் காப்பது, ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்களின் ஆக்கிரமிப்புகளை மாமன்றத்தில் எழுப்புவது, வார்டு குழுவை முறையாகக் கூட்டுவது ஆகியவை அவரால் இயன்றவை.

வாக்காளர் கேட்க வேண்டியவை

* வார்டில் நீர் தேங்கும் இடங்கள் எவை? பருவமழைக்கு முன் அங்கு என்ன பணி நடைபெறும்? ரயில் பாதைகளின் கீழ்ச் சாலைகள் செல்லும் ஒக்கலிபுரத்தில் இக்கேள்வி முக்கியமானது.
* கோடையில் குழாய் வறண்டால், லாரி நீரை விலைக்கு வாங்க இயலாத குடிசைப் பகுதிகளுக்கு என்ன ஏற்பாடு?
* மழைநீர் சேகரிப்பை அரசுப் பள்ளிகளிலும் வார்டு அலுவலகத்திலும் முதலில் செய்து காட்டுவாரா?
* வார்டு குழு எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கூடும்? அதன் முடிவுகள் மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடப்படுமா?

'பருவநிலை மாற்றம்' என்ற சொல் வேட்பாளரின் துண்டறிக்கையில் இடம்பெறாமல் போகலாம். ஆனால் வடிகால், குடிநீர், மரநிழல் குறித்து அவர் அளிக்கும் பதிலே இவ்விஷயத்தில் அவரது நிலைப்பாடு. பணி, இடம், காலக்கெடு ஆகிய மூன்றையும் குறிப்பிடும் வாக்குறுதியை மட்டுமே அடுத்த மழைக்காலத்தில் மக்கள் சரிபார்க்க முடியும்.