வேட்டியின் நீளத்தை யார் முடிவு செய்வது?

திருமணம், பொங்கல், காதணி விழா, கோயில் கொடை என எதுவாயினும் தமிழ்நாட்டில் ஆண்களின் விழா உடை வெள்ளைப் பருத்தி வேட்டியும் தோள் துண்டும்தான். அன்றாட உழைப்புக்கான நாலு முழ வேட்டி ஏறக்குறைய 1.8 மீட்டர். விழாவுக்கான எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர், இரு மடிப்பாகக் கணுக்கால் வரை இறங்கும். சரிகைக் கரையும் அங்கவஸ்திரமும் சேர்ந்தால் அதுவே மணமகனின் கோலம். இதனைத் 'தமிழர் மரபு' எனப் போற்றுவோர், அம்மரபை அணியும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைப் பேசுவதில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன் அணியக் கூடாது. செருப்பும் குடையும் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். பெண்கள் மேலாடை அணிவதும் தடுக்கப்பட்டது. மீறியோர் தாக்கப்பட்டனர், குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. ஜே.எச். ஹட்டன் இந்திய சாதிமுறை குறித்த தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

காலம் மாறியபோது விதியின் வடிவமும் மாறியது. முழங்காலுக்குக் கீழே இறக்காதே என்றது அன்றைய கட்டளை. எங்கள் தெருவில் வேட்டியை மடித்துக் கட்டி நடக்காதே, தோளில் கிடக்கும் துண்டைக் கக்கத்தில் இடுக்கு என்றது பின்வந்த கட்டளை. ஒன்று இறக்குவதைத் தடுத்தது. மற்றொன்று இறக்குமாறு பணித்தது. இரண்டிலும் அளவுகோல் ஒரே கையில்தான் இருந்தது. எனவே இதனை உடைச் சிக்கலாகக் கருதாமல், அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவமாகவே நாங்கள் காண்கிறோம்.

2014 ஜூலையில் வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், சென்னையிலுள்ள ஒரு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்திற்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே, வேட்டி அணிந்தோரைத் தடுக்கும் மன்றங்களின் உரிமத்தை ரத்து செய்யவும், பொறுப்பாளர்களுக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை வழங்கவும் வகைசெய்யும் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. அச்சட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் அது மன்றத்தின் வாசலில் நிகழும் தடையைப் பற்றியது. ஊர்த் தெருவில் நிகழும் தடைக்குரிய சட்டங்கள் வேறு. அவற்றை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பெயரால் ஒருவர் அணிகலனோ பகட்டான உடையோ அணிவதைத் தடுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதமோ 500 ரூபாயைத் தாண்டாது.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் புத்தாடையோ காலணியோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும் தடுப்பதைப் பிரிவு 3(1)(இசட்.ஏ.)(பி)யில் வெளிப்படையாகக் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேட்டியையோ துண்டையோ வலுக்கட்டாயமாக உருவினால் 3(1)(இ) பொருந்தும். தடையை மீறியதற்காக ஊர் ஒதுக்கி வைத்தால் அது 3(1)(இசட்.சி.)யின் கீழ் தனிக் குற்றம்.

இத்தகைய புகார்கள் காவல் நிலையத்தில் வாய்த் தகராறாகச் சுருங்கிவிடக் கூடாது. ஆகவே புகாரில் நான்கு செய்திகளைத் தெளிவாக எழுதுமாறு வலியுறுத்துகிறோம்: அணிந்திருந்தது புத்தாடை என்பது, தடுக்கப்பட்ட இடம் பொது இடம் என்பது, சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர்கள். ஆடை புதிதன்று என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அந்நிலையில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துக் கோர வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது விதி 7. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராத அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் பிரிவு 4 அவரையும் தண்டிக்கும்.

1983 முதல் தமிழ்நாடு அரசு பொங்கலுக்கு ஏழைகளுக்கு விலையில்லா வேட்டி, சேலை வழங்கி வருகிறது. அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சேரியிலிருந்து ஊரின் நடுத்தெரு வழியே கோயில் வரை ஒருவர் தடையின்றி நடந்து திரும்புவதை உறுதிசெய்வதும் அதே அரசின் கடமை. வேட்டியை இறக்கிக் கட்டுவதா மடித்துக் கட்டுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதை அணிந்திருப்பவர் மட்டுமே.