கணிப்பொறியின் விலையும் வேலையும்

தை மாதத்தில், சம்பா அறுவடை நடக்கும்போது, தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வரப்பின்மேல் நின்று பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு விவாதம் தவறாமல் நடக்கும். டயர் வைத்த அறுவடை இயந்திரத்தைக் கூப்பிடுவதா, செயின் வண்டியைக் கூப்பிடுவதா? டயர் வண்டிக்கு மணிக்கு 1,800 ரூபாய் வாடகை, செயின் வண்டிக்கு 2,400 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். டயர் வண்டிதான் லாபம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அனுபவமுள்ள விவசாயி முதலில் குனிந்து மண்ணைத்தான் பார்ப்பார்.

காய்ந்த வயலில் இரண்டு வண்டிகளும் மணிக்கு 3 மா அறுக்கட்டும். (மூன்று மா சேர்ந்தது ஓர் ஏக்கர் என்பது நம் டெல்டாக் கணக்கு.) ஒரு மா அறுக்க டயர் வண்டியில் 600 ரூபாய் ஆகும், செயின் வண்டியில் 800 ரூபாய். வயலில் ஈரம் காயவில்லை என்றால் டயர் வண்டி புதைந்து புதைந்து 2 மா அறுப்பதே பெரிது. அப்போது ஒரு மாவின் செலவு 900 ரூபாய். செயின் வண்டியில் அதே 800தான். எது மலிவு என்பது வண்டியோடு வயலையும் பொறுத்திருக்கிறது அல்லவா?

மாணவ நண்பர்களே! வயலில் இவ்வளவு தெளிவாகக் கணக்குப் பார்க்கும் நாம், நெல் விற்ற பணத்தில் கணிப்பொறி வாங்கக் கடைக்குப் போகும்போது மட்டும் பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

அந்த எண் பெரும்பாலும் கிகாஹெர்ட்ஸில் இருக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் செயலியின் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் நிறுவனம் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிட்டது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் 1.2 கிகாஹெர்ட்ஸ் அத்லான் பல வேலைகளில் அதற்கு ஈடு கொடுத்தது. சிலவற்றில் முந்தியும் சென்றது. எட்டுவைக்கும் வேகம் குறைவானாலும் எட்டு நீளமாக இருந்தால் ஊருக்கு முன்னதாகப் போய்ச் சேரலாம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நானே ஒருமுறை ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இயற்பியல் ஆய்வகத்திற்குப் பத்துக் கணிப்பொறிகள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருந்த பணத்தில் செயலியின் வேகத்தைக் கூட்டி, நினைவகத்தைக் குறைத்து, சாதாரணச் சுழலும் வட்டு போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விளைவு? ஐம்பது நிமிட வகுப்பில் முதல் பத்து நிமிடம், கணிப்பொறி தயாராகும் வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காரணத்தை நீங்களே கணக்கிடலாம். அந்த வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் முறை துடித்துவிடும். நான் அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பெரும்பகுதி வெறுமனே காத்திருந்தே கழிந்தது!

பத்து நிமிட வேலையில் 8 நிமிடம் வட்டிலும் 2 நிமிடம் செயலியிலும் செலவாவதாகக் கொள்வோம். செயலியை இரு மடங்கு வேகமாக்கினால் மொத்தம் 9 நிமிடம். மிச்சம் ஒரே நிமிடம். வட்டைப் பத்து மடங்கு வேகமாக்கினாலோ 0.8 + 2, அதாவது 2.8 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இந்தக் கருத்தை 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர் எடுத்துரைத்தார். ஆம்டால் விதி என்று பாடநூல்களில் அவர் பெயரிலேயே அது இடம்பெற்றுள்ளது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களையும் பார்ப்போம். 2004-இல் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ‘கப்ரு’ என்ற கணிப்பொறித் தொகுதி அமைந்தது. சிக்கிம் இமயத்தின் ஒரு சிகரத்தின் பெயர் அது. கடையில் கிடைக்கும் ரகச் செயலிகள் இரண்டிரண்டு கொண்ட 144 கணிப்பொறிகள். இயக்குவதற்கு விலையில்லாத லினக்ஸ். ஆனால் இணைப்பில் மட்டும் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை. 6 × 6 × 4 என்ற முப்பரிமாண அடுக்கில், வளையம் வளையமாக, விரைவான தனி வலையிணைப்பால் எல்லாவற்றையும் கோத்தார்கள். ஏன் தெரியுமா? அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைக் கணக்கிடுவது அவர்களுடைய முக்கிய வேலை. அதில் வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டங்களோடுதான் ஓயாமல் தகவல் பரிமாறிக்கொள்ளும். வயலைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்!

கப்ருவின் 288 செயலிகளும் ஒரு துடிப்பும் வீணாகாமல் உழைத்தால் நொடிக்கு 1,38,240 கோடி கணக்குகள் போடலாம். நேரியல் சமன்பாடுகளின் பெரிய தொகுதி ஒன்றைத் தீர்க்கும் ‘லின்பேக்’ சோதனையில் கிடைத்தது 95,900 கோடி, நூற்றுக்கு 69. மேட்டூரில் திறந்த தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வந்து சேர்கிறதா என்ன? விளம்பரங்கள் மேட்டூர் அளவைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது கடைமடை அளவு.

தஞ்சையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போனால் வழியில் துவாக்குடியருகே தேசியத் தொழில்நுட்பக் கழகம் வரும். அங்கே 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். கப்ருவின் உச்ச வேகத்தைப்போல் சுமார் 600 மடங்கு. இதன் சில்லுகளைக் குளிர்விக்க நேரடித் திரவ முறையைக் கையாண்டதற்கு ஒரு காரணம் மின்கட்டணம். வாங்கும் விலை ஒரு தடவைதான். ஓட்டும் செலவு மாதாமாதம் வரும். உங்கள் வீட்டிலும் அப்படியே. 300 வாட் பெட்டி தினம் 8 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடினால் 720 யூனிட். 60 வாட் மடிக்கணிப்பொறிக்கு 144 யூனிட்தான். இந்த 576 யூனிட் வித்தியாசத்தை உங்கள் வீட்டு மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

அப்படியானால் கடையில் என்ன செய்வது? நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை ஒன்றை, அதாவது ஒரு நிரலையோ பெரிய படக்கோப்பையோ, பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று கணிப்பொறிகளில் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தால் நேரம் பாருங்கள். 40,000 ரூபாய்க் கணிப்பொறி 60 நொடியில் முடிக்கிறது, 56,000 ரூபாய்க் கணிப்பொறி 50 நொடியில் முடிக்கிறது என்றால், விலையையும் நேரத்தையும் பெருக்குங்கள். முதலாவதற்கு 24 லட்சம், இரண்டாவதற்கு 28 லட்சம். பெருக்குத்தொகை குறைந்ததே காசுக்கேற்ற கணிப்பொறி. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எங்கள் ஆய்வகத்தின் பத்துக் கணிப்பொறிகளையும் நாங்கள் தூக்கி எறியவில்லை. சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினோம், நினைவகத்தை இரட்டிப்பாக்கினோம். இப்போது மாணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராகிவிடுகிறது.