மாணவர் மேடை

தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வரும் மாணவர்கள் இங்கு மூன்றாண்டுகள் பயில்கின்றனர். அவர்கள் நூலிலிருந்து கற்பதைவிட, தாமே அரங்கேற்றும் நாடகங்களிலிருந்து கற்பது மிகுதி. ஒரு நாடகத்தில் அரசனாக நடித்தவர் மற்றொன்றில் திரைக்குப் பின்னே நின்று விளக்குகளைக் கவனிப்பார்.

1962 முதல் 1977 வரை இப்பள்ளியின் இயக்குநராக விளங்கியவர் இப்ராகிம் அல்காசி. 1963இல் 'அந்தா யுக்' என்னும் இந்தி நாடகத்தை, பெரோஸ் ஷா கோட்லா என்னும் பழங்கோட்டையின் இடிபாடுகளிடையே, மாணவர்களைக் கொண்டு நிகழ்த்தினார். பாரதப் போரின் பதினெட்டாம் நாள் மாலையில் தொடங்கும் கதை அது. சிதைந்த சுவர்களே வீழ்ந்த அத்தினாபுரமாயின; வரைந்த திரைச்சீலை எதற்கு?

இப்பள்ளியின் நாடகங்கள் பெரும்பாலும் இந்தியில் அமைவன. தமிழ் மாணவர்க்கு இது எளிதன்று. தமிழில் 'க' என்னும் ஓர் எழுத்து வழங்கும் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஒலி பிழைத்தால் பொருளும் பிழைக்கும். சோகக் காட்சியில் அவையோர் நகைத்துவிடவும் கூடும்.

அவ்வாறு அங்குப் பயின்ற தமிழருள் சே. இராமானுஜம் குறிப்பிடத்தக்கவர். தமிழகம் திரும்பிய அவர், 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். போரில் அனைத்தையும் இழந்த பெண்களைப் பற்றிய கிரேக்க நாடகம் ஒன்றைத் தழுவி அவர் 'வெறியாட்டம்' படைத்தார். அதில் அப்பெண்களின் துயரம் தமிழ் ஒப்பாரியாக ஒலிக்கிறது.