கைவேலைக் காலம் – 14: யாளிக்கு ஒரு தரை

சென்ற இதழில் அட்டையை அளந்து, மடித்து, ஓரம் பிசிறில்லாமல் நறுக்குவது வரை பார்த்தோம். அந்த வெற்று வாழ்த்து அட்டை இப்போது உங்கள் மேசையில் இருக்கும். இந்த வாரம் அதில் ஒரு விலங்கு வந்து நிற்கப் போகிறது. எந்தக் காட்டிலும் பிறக்காத விலங்கு.

உத்திரமேரூரில் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் “உலகத்தில் இல்லாத விலங்கு ஒன்றை வரையுங்கள்” என்று சொன்னால், முதலில் எல்லாத் தாளிலும் ஒரே டிராகன்தான் வரும். மிஞ்சினால் ஒற்றைக் கொம்புக் குதிரை. டிவியில் ஓடுவது, பென்சில் பெட்டி மூடியில் ஒட்டியிருப்பது. அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை. கண்ணில் பட்டதைத்தானே கை வரையும்? ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இந்தியாவின் மிகச் சிறந்த கற்பனை விலங்குகள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன என்பதை யாராவது காட்ட வேண்டுமே!

காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுவர் மூலைகளில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நிற்கும் சிங்க யாளிகளை அருகில் நின்று பாருங்கள். பிறகு வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம். அது விஜயநகரக் காலத்து வேலை. அங்கே யாளி இன்னும் முரட்டுத்தனமாகிவிட்டது. முதுகில் வீரன், வாயில் பல், கால் தூக்கிய நிலையில் அப்படியே உறைந்த வேகம். சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி. மகரம் என்றால் முதலையின் வாய், யானைத் துதிக்கை, கொடியாகச் சுருண்டு ஓடும் வால். காஞ்சிப் பட்டின் கரையில் ஓடும் அன்னத்துக்கும் இருதலைப் பட்சிக்கும் இதே கணக்குதான். இருதலைப் புள் சங்கப் பாட்டிலேயே வருகிறது. அகநானூற்றில் கபிலர் அதைச் சொல்லியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் பார்த்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. கற்பனை விலங்கின் ஒவ்வொரு உறுப்பும் நிஜமானது. சேர்க்கை மட்டும்தான் கற்பனை. அந்தச் சிற்பி யானையின் துதிக்கை எங்கே மடியும் என்று பார்த்திருக்கிறான், சிங்கத்தின் தோள் எலும்பு எங்கே புடைக்கும் என்று யோசித்திருக்கிறான். அதனால்தான் யாளி எதிரே நின்றால் நமக்கு ஒரு பயம் வருகிறது. உறுப்பைப் பார்க்காமல் வரைந்த டிராகனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

வகுப்பில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண். யாளி வரைந்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

“டீச்சர், யாளிக்குக் காது எப்பிடி இருக்கும்?”

“நீ தெனம் பாக்குற காது எதுவோ, அதையே வையேன்மா.”

அடுத்த வாரம் வந்த அட்டையில் யாளியின் காது நீளமாகத் தொங்கி, நுனியில் லேசாக மடிந்திருந்தது. உள்பக்கத்து நரம்பு கூட மெல்லிய கோடாக ஓடியது. “எங்க வீட்டுக் கெடாவோட காது டீச்சர்” என்றாள். அன்றைய வகுப்பில் உயிரோடிருந்த யாளி அது ஒன்றுதான்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வீட்டைச் சுற்றி இருப்பதிலிருந்து மூன்று உறுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். எருமையின் கொம்பு, உடும்பின் வால், கொக்கின் கால். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியபோதும் நடுவில் விடும் இடைவெளியைப் போய்ப் பாருங்கள், எந்தக் கற்பனையும் தோற்றுவிடும். மூன்றையும் தனித்தனியே நேரில் பார்த்து வரைந்த பிறகு சேருங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். கை பழகும் வரை கூட்டம் கூடினால் விலங்கு தெரியாது.

விலங்கு கிடைத்துவிட்டது. அது எங்கே நிற்கும்? பெரும்பாலான கையால் செய்த அட்டைகள் தோற்பது இங்கேதான். அழகான உருவத்தை வெள்ளைத் தாளில் அந்தரத்தில் தொங்கவிட்டு, மேலே “பொங்கல் வாழ்த்து” என்று மினுமினுப்புத் தூளில் எழுதிவிடுகிறோம். இல்லாத விலங்குக்குத்தான் இருக்கிற தரை அதிகமாகத் தேவை. விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட வேண்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் பூசி, நகை வரும் இடங்களில் “மக்கு” வைத்து உயர்த்திய பிறகுதான் தங்கத்தாளை ஒட்டுகிறார்கள். ஒடிசாவின் ரகுராஜ்பூரில் கஞ்சிஃபா எனும் வட்டச் சீட்டுகளைக் கையாலேயே வரைகிறார்கள். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கி ஒட்டி, சுண்ணாம்புத் தூள் பூசித் தேய்த்த அட்டை அது. தசாவதாரக் கட்டு என்றால் 120 சீட்டுகள். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் எல்லாம் உள்ளங்கையளவு வட்டத்துக்குள் வந்துவிடும். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி அரண்மனையிலும் இந்த வேலை நடக்கிறது. கையால் செய்த அட்டையில் கற்பனை உயிர்கள் என்றால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இவைதான்.

வீட்டில் செய்ய எளிய வழி. ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு, மூன்று பங்கு சாக்பீஸ் தூள். சாக்பீஸை இடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். கட்டி இருந்தால் காய்ந்ததும் உதிரும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, காலாவதியான ஏதாவது பிளாஸ்டிக் கார்டால் அட்டை மேல் இழுத்துத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போதே பழைய சீப்பை அலையலையாக இழுத்தால் ஏரித் தண்ணீர். தென்னை நாரை அழுத்தி எடுத்தால் காய்ந்த புல். கசக்கிய பிளாஸ்டிக் பையால் ஒற்றினால் பாறை. ஒருநாள் முழுக்க நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துகொள்ளும். வளைந்துவிட்டால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தொட்டு, கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். காய்ந்த பிறகு அடர்ந்த நிறம் ஒன்றைப் பூசி, அதுவும் காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு மேடுகள் மேல் மட்டும் உரசுங்கள். பள்ளம் இருட்டாகவே இருக்கும், மேடு வெளிச்சம் வாங்கும். அந்த நிமிஷம் அட்டைக்குள் ஒரு நிலம் வந்துவிடும்.

எனக்குப் பிடித்த தரை வேறு. கோடையில் உத்திரமேரூர் ஏரி வற்றும்போது மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று சொல்லும் ஏரி. அந்த வெடிப்பை அட்டையில் கொண்டுவரலாம். அடியில் கரும்பழுப்பு பூசிக் காயவிடுங்கள். மேலே ஃபெவிகாலைச் சற்றுத் தடிமனாகத் தடவி, அது விரலில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் வெளிர் மண்நிற அக்ரிலிக் வண்ணத்தை ஒரே திசையில் ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்தில் மறுபடி தூரிகை போகக் கூடாது. மின்விசிறியின் கீழ் வையுங்கள். மேல்பூச்சு முதலில் காய்ந்து இறுகும், அடியில் பசை இன்னும் நெகிழ்ந்தே இருக்கும். அதனால் மேலே கீறல் விடும். பசை தடித்திருந்தால் பெரிய பாளம், மெல்லியதானால் நுண்ணிய கோடு.

மூன்றாவது வழி இந்த ஊருக்கே சொந்தம் என்பேன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), பனையோலையில் பெயர், குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுக்கும் ஓலை என்று பாடப்புத்தகத்தில் படித்த குடவோலை அங்கேதான் வெட்டப்பட்டிருக்கிறது. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படியெடுத்தார்கள். ஈரத்தாளைக் கல் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவது மைப்படி. மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். பிள்ளைகள் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதும் இதே குடும்பத்து வித்தைதான்.

ஆனால் கோயில் சுவரில் நீங்கள் இதைச் செய்யக் கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சுவர். அனுமதி இல்லாமல் தாளோ மையோ கிரேயானோ அதன் மேல் படவே கூடாது. கைலாசநாதர் கோயில் மணற்கல், தொட்டாலே தேயும். அங்கே கண்ணும் பென்சிலும் போதும். தேய்த்தெடுக்க வீட்டில் எத்தனையோ இருக்கிறது: அம்மியில் கொத்திய புள்ளிகள், முறத்தின் பின்னல், கோரைப்பாய், வாசற்கதவின் செதுக்கல், பனையோலைப் பெட்டி. மெல்லிய தாளை மேலே வைத்து, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்து, அதன் மேல் நீர்வண்ணத்தை ஓடவிடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. பாயின் பின்னல் துலங்கி நிற்கும். அந்தத் தாளையே அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தில் நெசவு தெரிந்தவர்கள் யாரேனும் உங்களுக்கு உண்டானால், கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டை கேட்டுப் பாருங்கள். சேலையில் ஒரு அன்னம் வர, அந்த உருவம் முதலில் கட்டத்தாளில் ஏறி, பிறகு அட்டை அட்டையாகத் துளைகளாகிறது. ஏதோ ஒரு பறவையின் சிறகோ வாலோ துளையாக இருக்கும் அந்த அட்டையைப் பின்னணியாக வைத்தால் அதைவிடப் பொருத்தம் ஏது?

இனி சேர்ப்பது. விலங்கைத் தனித்தாளில் வரைந்து வெட்டி, கால் பாதங்களை மட்டும் தரையோடு ஒட்டுங்கள். உடம்புக்கு அடியில் தெர்மாகோல் துண்டு ஒன்று வைத்தால் உயர்ந்து, நிஜமாகவே நிழல் விழும். கண்ணுக்குச் சிறு கண்ணாடிச் சில்லு. கட்டைக்கூத்துக்காரர்களின் முடியிலும் புஜக்கட்டையிலும் மரத்தில் பதித்த கண்ணாடி இரவு வெளிச்சத்தில் எப்படி மின்னும் என்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய அட்டை மலைப்பாக இருந்தால் இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில் தொடங்குங்கள். 1997-இல் சூரிச்சில் ஸ்டிர்னிமன் என்ற ஓவியர் தொடங்கிவைத்த பரிமாற்றச் சீட்டின் அளவு அது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அதன் விதி. வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன் தபால்காரர் பை கொள்ளாமல் வாழ்த்து அட்டைகள் கொண்டுவந்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது அப்படியே திரும்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நீங்கள் ஒரே ஒரு யாளி அட்டை செய்து, ஒரே ஒருவருக்கு அனுப்பலாமே. மக்கு பூசிய அட்டை கனக்கும். 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். அனுப்பும் முன் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

(அடுத்த இதழில்: அட்டைக்கேற்ற உறை)