ரகுவுக்கு இரண்டாம் பாகம், நம் பெண்களுக்கு?

காதல் தோல்வி என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது ‘தேவதாஸ்’தான். வங்காளத்தில் சரத் சந்திரர் எழுதி 1917-ல் வந்த நாவல். 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துப் படமாக வந்ததிலிருந்து, காதலில் தோற்றவனுக்குத் தாடி, சால்வை, கையில் பாட்டில் என்று ஒரு யூனிஃபார்மே தைத்துக் கொடுத்துவிட்டார்கள். குடித்து, இருமி, செத்துப் போனால்தான் அது உண்மைக் காதல். பெண்ணாக இருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். அதற்கப்புறம் அவளை யாரும் தேடுவதில்லை.

பிரிவுக்குப் பிறகும் பசிக்கும், தூக்கம் வரும், ஒரு நாள் சிரிப்பும் வரும் என்று சொல்கிற கதைகள் நம்மிடம் குறைவு. அப்படி ஒரு கதையைப் படித்துவிட்டு நாங்கள் போட்ட சண்டையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற ஏழெட்டுப் பெண்கள் நாங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு, யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். ஒரு புத்தகம், ஒரு தட்டு பக்கோடா, ஆளுக்கு ஒரு டம்ளர் காபி. போன மாதம் எடுத்துக்கொண்டது சுஜாதாவின் ‘பிரிவோம் சந்திப்போம்’.

கதை இதுதான்

1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகு இரண்டு பாகங்களாகப் புத்தகமானது. எஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ரகுபதி, பாபநாசத்தில் மதுமிதா என்கிற துறுதுறுப்பான பெண்ணைக் காதலிக்கிறான். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ராதாகிஷன் வருகிறான். மதுமிதா அவனுக்குக் கல்யாணமாகி அங்கே போய்விடுகிறாள். உடைந்துபோன ரகு உயிரை விடத் துணிகிறான். தப்பிக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவனே அமெரிக்கா போகிறான். அங்கே மதுமிதாவை மறுபடி பார்க்கிறான். ரத்னா என்ற இன்னொரு பெண்ணையும் சந்திக்கிறான். படிக்காதவர்களும் இருப்பீர்கள், அதனால் முடிவைச் சொல்லப் போவதில்லை. 2009-ல் ‘ஆனந்த தாண்டவம்’ என்ற பெயரில் தமன்னா நடித்துப் படமாகவும் வந்தது.

கதையைச் சொன்னால் கனமாகத் தெரியும். ஆனால் படிக்கும்போது அப்படி இல்லை. சுஜாதாவின் குறும்பு அவரை விட்டுப் போகுமா? அழ வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்டலை வைத்துவிட்டுப் போய்விடுவார். நாம் சிரித்துவிட்டு, பிறகு ‘ஐயோ, சிரித்துவிட்டோமே’ என்று நினைப்போம்.

ஆளுக்கு ஒரு தீர்ப்பு

குரோம்பேட்டையிலிருந்து வரும் மாமி ரிடையர்டு டீச்சர். தொடர்கதையாக வந்தபோதே வாராவாரம் கிழித்து, நூல் போட்டு பைண்டு பண்ணி வைத்திருப்பவர். “எனக்கு ரகுவும் வேண்டாம், மதுவும் வேண்டாம். ரகுவோட அப்பாவைத்தான் பிடிக்கும். பிள்ளை உடைஞ்சு நிக்கறப்ப, ‘ஒரு பொண்ணுக்காக இப்படியா’ன்னு கேலி பண்ணாம கூடவே நிக்கறார் பாரு, அந்த மாதிரி ஒரு அப்பா வீட்ல இருந்தா பாதி நோய் தீர்ந்துடும்” என்றார்.

பெருங்களத்தூர் தோழிக்கு மதுமிதாவின் மேல் இரக்கம். “அவளுக்கு என்ன தெரியும்? சின்னக் குழந்தை மாதிரி. பெரியவங்க அமெரிக்கா மாப்பிள்ளைன்னு சொன்னாங்க, தலையாட்டினா. ரெண்டாம் பாகத்துல கஷ்டம் பூரா அவளுக்கு. இது நியாயமா?” என்று பொரிந்து தள்ளினாள். சுஜாதா என்பது மனைவியின் பெயர், எழுதியவர் ரங்கராஜன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. “பொண்டாட்டி பேரை வச்சுக்கிட்டு எழுதினவர் ஒரு பொண்ணை இப்படி விட்டுட்டாரே!” என்று அவள் சொன்னதும் மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் தோழி முன்பு நர்ஸாக இருந்தவர். ரகு உயிரை விடத் துணிகிற இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. “கதையில தப்பிச்சுடறான். ஆஸ்பத்திரியில நான் பாத்தவங்க எல்லாரும் தப்பிக்கலை. பிரிவுன்னா அடுத்த காட்சி இதுதான்னு பசங்க மனசுல பதிஞ்சுடக் கூடாது” என்றார். அவர் சொன்னதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சினேகா’ இதற்காகவே இருக்கிறது. 2022 முதல் ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணும், தமிழக அரசின் 104-ம் உண்டு. காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுக்கு வேண்டியிருக்கலாம்.

என் அக்கா மகள் சொன்னது

அன்றைக்கு என் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இருபத்தாறு வயது. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நிச்சயதார்த்தம் ஆகி, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. “ஒத்து வரலைங்க.” அவ்வளவுதான். ஆறு மாதம் தினமும் இவளோடு பேசிக்கொண்டிருந்த பையன் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம்தான். ஆனால் ஆறு மாதப் பேச்சில் அவளுக்கு அது காதலாகத்தான் ஆகியிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. “நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுதே” என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாளே ஒரு உறவுக்காரர் வேறு ஜாதகத்தோடு வந்துவிட்டார். இன்னொருவர் எந்தக் கோயிலில் என்ன பரிகாரம் என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். விளக்குப் போடுவது அவளுக்குப் பிடிக்கும். ஆனால் பிடித்துப் போடுவது வேறு, தோஷம் என்று சொல்லிப் போட வைப்பது வேறு.

நாங்கள் எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ரத்னா வந்ததால்தான் ரகுவுக்குச் சரியானது, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று மாமி முடித்தபோதுதான் பேசினாள்.

“அப்படி இல்ல சித்தி. ரத்னா வர்றதுக்கு முன்னாடி அவன் ஊரை விட்டுப் போறான். புது ஊர்ல யாரையும் தெரியாம முழிக்கறான். பழகிக்கறான். அதெல்லாம் கணக்கில்லையா? எல்லாரும் ரத்னாவை மட்டும் ஏன் பிடிச்சுக்கறீங்க? இன்னொண்ணு. ரகுவுக்கு விசா கிடைச்சுது. எனக்குப் பரிகாரம் கிடைச்சுது.”

பக்கோடாத் தட்டுக்குப் போன கைகள் அப்படியே நின்றன. அப்புறம் அவளே சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். கல்யாணம் நின்றதைப் பற்றி அவள் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான்.

கேட்பதில் தப்பில்லை

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நம் கதைகளில் காதலை இழந்த ஆண் ஊர் மாறுகிறான், வேலை தேடுகிறான், பழையதை நினைத்துத் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறான். சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ (2004) படத்திலும் இதுதானே? ஒவ்வொரு காதலாகத் தாண்டி வந்து அவன் தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறான், தியேட்டரே கை தட்டுகிறது. பெண் அப்படி நாலு வீட்டில் பத்திரிகை வைத்தால் கை தட்டுவோமா?

வெளியே பார்த்தால் பெண்களுக்கும் இப்படிக் கதைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் நோரா எஃப்ரான் 1983-ல் ‘ஹார்ட்பர்ன்’ என்று ஒரு நாவல் எழுதினார். நெஞ்செரிச்சல் என்று அர்த்தம், பொருத்தமான பெயர்! ஏழு மாதக் கர்ப்பிணி. சமையல் புத்தகம் எழுதுகிறவள். புருஷனுக்கு வேறு ஒருத்தியோடு தொடர்பு என்று தெரிய வருகிறது. அழுகைக்கு நடுநடுவே சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டே போகிறாள். எழுதியவரின் சொந்த வாழ்க்கையில் நடந்ததை வைத்துத்தான் எழுதினார். 1986-ல் மெரில் ஸ்ட்ரீப் நடித்துப் படமாகவும் வந்தது. நம் நாட்டிலேயே 2014-ல் வந்த ‘குயின்’ இந்திப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட, தேனிலவுக்கு எடுத்த டிக்கெட்டில் தனியாகவே பாரிஸ் போகிறாள் அந்த டெல்லிப் பெண். தொலைகிறாள், தடுமாறுகிறாள், சிரிக்கிறாள். திரும்பி வந்து அவனிடம் மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு இரண்டாம் பாகம் கிடைத்தது. அதில் இன்னொரு மாப்பிள்ளை இல்லை!

‘ஒரு வாரப் பத்திரிகைக் கதைக்கு இவ்வளவு பேச்சா’ என்று வீட்டு ஆண்கள் கேட்கலாம். 1966-ல் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தபோது எத்தனை எதிர்ப்பு, எத்தனை விவாதம்! கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் ஏற்றுக்கொள்கிற கதை. அந்தத் தாய் அப்படி ஏற்காமல் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972-ல் அதற்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. வீட்டில் தாய் என்ன சொல்கிறாள் என்பதில்தான் பெண்ணின் மீதிக் கதை இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரியும்.

நம் கையில் இருப்பது

நாவல் எழுத நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோனால், வீட்டில் என்ன பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், கொடுத்தது வாங்கியது எல்லாவற்றையும் பெரியவர்கள் தாங்களே பேசித் தீர்த்துவிட வேண்டும். நிச்சயப் புடவையைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கூட அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்தக் கூடாது.

விசாரிக்க வருகிறவர்களுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். “சரிவரலை, விட்டுட்டோம்” போதும். ஆளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தால் ஊர் அதற்குக் கைகால் வைத்துவிடும்.

உடனே அடுத்த ஜாதகத்தை எடுக்காதீர்கள். எத்தனை நாள் என்று அவளே சொல்லட்டும். வயதாகிறதே என்ற கவலை நமக்கு இருக்கும். அதை அவள் சாப்பாட்டுத் தட்டில் வைக்க வேண்டாம்.

அவள் சிரித்தால், “அதுக்குள்ள மறந்துட்டா பாரு” என்று சொல்லாதீர்கள். அழுதால், “இன்னுமா?” என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் வரும்.

சிரிக்க வைக்கிற புத்தகம் ஒன்றை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். படி என்று சொல்ல வேண்டாம். தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகிறவளுக்கு, கவலையைத் தவிர வேறு ஏதாவது கையில் இருக்கட்டும்.

என் அக்கா மகள் ஒரு வருஷம் கேட்டிருக்கிறாள். மண்டப அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அதை அவளிடமே கொடுத்துவிட்டாள் அக்கா. அந்தப் பணத்தில் கணக்கியலில் மேல் படிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறாள். சனி, ஞாயிறு வகுப்பு. அக்காவுக்கு மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. இருபத்தேழு பிறந்துவிடுமே என்று என்னிடம் மட்டும் சொல்லிப் புலம்புகிறாள். ஆனால் மகளிடம் வாய் திறக்கவில்லை. ஜாதகம் பீரோவில் இருக்கிறது. வேண்டும்போது அவளே எடுத்துக் கொடுக்கட்டும் என்று சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டாள்.

தோழிகளே, பிரிவிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண்ணைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் தமிழ் நாவல் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அவளுக்குக் கடைசியில் மாப்பிள்ளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவள் கதை அவளுடையதாக இருந்தால் போதும். தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்களேன். எங்கள் அடுத்த சனிக்கிழமைக்குப் புத்தகம் வேண்டும்.

– ஒரு வாசகி, சேலையூர்