பூட்டிய பள்ளியும் மலைப் பிள்ளைகளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை நம் வாசகர் பலருக்குப் பழக்கமானதே. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என எண்ணிவிட வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழே.) சாமையும் மரவள்ளியும் விளையும் அம்மண்ணில் ஆண்டு முழுவதற்கும் வேலை கிடைப்பதில்லை. ஆகவே பெற்றோர் பலர் கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகளிற் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். வீட்டில் எஞ்சுவோர் முதியோர்.

இந்த ஏற்பாட்டிற்கு அச்சாணி எது? அந்தப் பள்ளியே அன்றோ! அங்கே சோறு உண்டு. படுக்க இடம் உண்டு. ஒரு பிள்ளையின் முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேட்க ஓர் ஆசிரியர் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் அந்த அச்சாணி கழன்றது. கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 24 நள்ளிரவில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. 2019 நவம்பர் 26 அன்று உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு அப்போது வயது நான்கு மாதம்! எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான்.

பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. மலையில் பல சிற்றூர்களுக்குக் கைப்பேசி அலைவரிசையே எட்டுவதில்லை என்பது வேறு கதை. ஆயினும் விட்டுப்போன பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். பிள்ளைமேல் இருந்த கண் மறைந்ததே, அதற்கு என்ன செய்வது? குழந்தைகள் உதவி எண் 1098க்கு 2020 மார்ச் 20 முதல் 31 வரை இந்தியா முழுவதிலுமிருந்து 3 லட்சத்திற்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அவற்றுள் 92,000க்கு மேற்பட்டவை வன்கொடுமையிலிருந்து காப்பாற்றுமாறு கேட்டவை. வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. குழந்தைத் திருமண அபாயத்தில் ஏற்கெனவே இருப்போரைத் தவிர, இன்னும் 1 கோடி சிறுமியர் பத்தாண்டுகளில் அதற்கு ஆளாகக்கூடும் என்று 2021 மார்ச்சில் யூனிசெஃப் எச்சரித்தது.

பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். விடுதி மூடியதால் பாட்டி வீட்டில் இருக்கிறாள். அவள் பள்ளியோடு தொடர்பற்றுப் போனது ஆசிரியருக்குத் தெரியும். தந்தை ஊரில் இல்லை என்பது ரேஷன்கடைக்காரருக்குத் தெரியும். வீட்டில் கடன் இருப்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனது அங்கன்வாடிப் பணியாளர் காதில் விழுந்திருக்கும். ஆளுக்கொரு துண்டு! நால்வரும் நல்லவர்களே, ஆனால் துண்டுகள் ஒன்றுசேரவில்லையெனில் தாலி ஏறிய பிறகே செய்தி முழுமையாகும்.

கூட்டுப் பணி என்று சொல்லும்போது மேடையும் மாலையும் குழுப் படமும் நம் நினைவிற்கு வருகின்றன. அது அதுவன்று. உரிய துண்டு உரிய கைக்கு, காலம் கடவாமல் சேர்வதே கூட்டுப் பணி. அதற்கான கைகளைச் சட்டம் முன்னரே வகுத்திருக்கிறது. ஊரில் ஊராட்சித் தலைவர் தலைமையிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பிள்ளையை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவுசெய்யக் குழந்தைகள் நலக் குழு. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க மாவட்டச் சமூக நல அலுவலர். ஆயின் மலைவாழ் மக்கள் இவ்வலுவலகங்களை நாடித் தாமாக இறங்கி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அதிகாரம் என்றால் அஞ்சி ஒதுங்கும் பழக்கம் எளிதில் போய்விடுமா?

பெரியவர்கள் நிலையும் இதுவே. பேருந்து நின்றபோது முதியோர் உதவித்தொகையும் இரத்த அழுத்த மாத்திரையும் பல மைல் தொலைவாயின. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு பூட்டிய வீட்டிற்குள் இருந்த மனைவிக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமும் 181 என்ற எண்ணும் உண்டு. கணவன் கண்முன்னே எப்படிப் பேசுவாள்? திரையில் திருப்பலி கண்ட அந்நாட்களில், கடைசி வரிசை மூதாட்டி வந்தாரா என்று திரும்பிப் பார்க்கவும் வழியில்லாமற் போயிற்று.

நம் பங்குகளுக்கு இதில் தனிக் கடமை உண்டு. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குருவானவரும் மறைக்கல்வி ஆசிரியரும் அன்பியத் தலைவரும் இதற்கு விலக்கல்லர். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட ஆணையும் குருக்களும் துறவியரும் இத்தகைய கொடுமைகளைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. "பங்கின் பெயர் கெட்டுவிடுமே" என்பார் இன்னும் சிலர் இருக்கின்றனர். பிள்ளையின் வாழ்வு கெடுவதைவிடவா? அதே வேளையில், தெரிவிப்பது வேறு, ஊரெல்லாம் பேசுவது வேறு. பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் அதே சட்டம் தண்டிக்கிறது.

அலைவரிசை இல்லாத ஊரில் 1098 எதற்கு என்று கேட்கலாம். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ரேஷன்கடை விற்பனையாளர், தபால்காரர் ஆகியோரின் வேலை ஊரடங்கிலும் நிற்கவில்லை. சிறுமியின் கையில் கைப்பேசி இருக்க வேண்டியதில்லை. இவர்களில் ஒருவரிடம் அவள் ஒரு சொல் சொல்லிவிட்டால், அலைவரிசை கிடைக்கும் முதல் வளைவிலேயே அவர் அந்த எண்ணை அழைக்கலாம்.