பஞ்சும் தாரும் காத்த படகு

மழைக்காலத்தில் உங்கள் வீட்டு மரக்கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும், கவனித்திருக்கிறீர்களா? மரம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். கோடையில் சுருங்கும், இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். வீட்டில் இது சின்னத் தொல்லைதான். நடுக்கடலில் மரப்படகில் போகிறவருக்கோ இது உயிர்ப் பிரச்னை!

1960களில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்து இளைஞர், கப்பலில் அதிகாரியாக இருந்தார். அவர் பம்பாயில் 32 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டச் சொன்னார. நம் நாட்டுத் தேக்கு. நம் நாட்டுத் தச்சர்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வாய்ச்சியால் செதுக்கிச் செதுக்கியே பலகைகளை வளைவுக்கு இசைத்தார்கள். படகின் பெயர் 'சுஹைலி'.

தேக்கு எதற்கு என்கிறீர்களா? அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. எளிதில் உளுக்காது. மற்ற மரங்களைப் போல அதிகம் உப்பிச் சுருங்கவும் செய்யாது. ஆனாலும் கொஞ்சம் சுருங்கத்தானே செய்யும்? அதற்குத்தான் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்.

படகின் மேல்தளத்தில் ஒடுக்கமான பலகைகளை வரிசையாகப் பதிப்பார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவில் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு பள்ளம் விடுவார்கள். அதில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியாலும் மரச்சுத்தியாலும் அடித்து இறக்குவார்கள். அதன்மேல் காய்ச்சிய கீலை ஊற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் பலகை உப்பும், பஞ்சை நெருக்கும், ஒரு சொட்டு உள்ளே இறங்காது! வெயில் காலத்தில் தளத்தை அடிக்கடி கடல்நீரால் நனைப்பதும் இதற்காகத்தான். தளர அடித்தால் ஒழுகும். மிஞ்சி அடித்தால் பலகை கெட்டுப்போகும். அளவு தச்சரின் கைக்குத்தான் தெரியும். இந்த வேலைக்குத் தமிழில் 'கலப்பற்று' என்று ஒரு சொல் உண்டு. அகராதியில் பார்த்தால் கண்ணில் படும்.

1968 ஜூன் 14. எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டிக்காக, ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ராபின் தனியாகக் கிளம்பினார். சில வாரங்களிலேயே படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. இறைத்து இறைத்துக் கை ஓய்ந்தது. அட்லாண்டிக் கடலில் குதித்து அடியில் பார்த்தார். அடிக்கட்டையை ஒட்டிய பலகையில், சுமார் 8 அடி நீளத்துக்கு இடுக்கு! படகு ஆட ஆட அது திறந்து மூடியது. அதுவும் இரண்டு பக்கமும்.

கரையில் ஏற்றிவைத்துச் செய்யும் வேலையைத் தண்ணீருக்குள் செய்தாக வேண்டும். மூச்சை அடக்கி மூழ்குவார். பஞ்சைத் திணித்து அடிப்பார். மூச்சுக்கு மேலே வருவார். திரும்பப் போனால் பஞ்சு வெளியே வந்திருக்கும்! யோசித்தார். கித்தான் துணியை நாடாவாகக் கிழித்து, அதன்மேல் பஞ்சை வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளை முன்கூட்டியே குத்தி எடுத்துப்போனார். இப்போது ஒட்டிக்கொண்டது. நடுவே சுறா ஒன்று வட்டமிட, மேலே ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, வேறு சுறா வருகிறதா என்று காத்திருந்து மறுபடி இறங்கினார். அடுத்த பக்கத்தை வேறொரு நாள் முடித்தார்.

போட்டியில் கிளம்பியவர்கள் 9 பேர். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத்துக்குத் திரும்பியது சுஹைலி மட்டுமே. எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின்தான்.

2018 ஜூன் 14 அன்று, அந்தப் பயணத்தின் 50ஆம் ஆண்டு நிறைவில், அதே சுஹைலி அதே ஃபால்மத்தில் பாய் விரித்து ஓடியது.